தவணை நாளில் மூளை

கடன், பரீட்சை, அரைத் தூக்கம், மேலாளரின் அதட்டல்... அன்றாட டென்ஷன் நம் நினைவையும் நிதானத்தையும் என்ன செய்கிறது? விழுப்புரத்துக் கரும்பு வயலிலிருந்து பெங்களூரு ஆய்வுக்கூடம் வரை ஒரு தேடல்.

5 5 5.

இந்த வரிசையில் எத்தனை எண்கள் இருக்கின்றன? இதுதான் கேள்வி. மூன்று என்று பதில் வர வேண்டும். ஆனால் கண் அந்த ஐந்தைப் பார்த்துவிட்டது. "அஞ்சு" என்று சொல்ல நாக்கு துடிக்கிறது. அதை விழுங்கிவிட்டு "மூணு" என்று சொல்ல வேண்டுமானால், மூளை தன்னைத்தானே ஒரு கணம் பிடித்து நிறுத்தியாக வேண்டும்.

பதில் சொல்ல உட்கார்ந்திருப்பவர் கரும்பு விவசாயி. வயலில் கரும்பு முற்றி நிற்கிறது. ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் இன்னும் வரவில்லை. போன பருவத்தில் வந்த பணம் எப்போதோ கரைந்து, வீட்டு நகை அடகுக்கடைக்குப் போய்விட்டது. மளிகைக்கடையில் பாக்கி, உரக்கடையில் பாக்கி. அவர் முன்னால் அடுத்த வரிசை வருகிறது. அதற்கும் அடுத்தது.

வெட்டு முடிந்து, பணம் கைக்கு வந்து, நகையும் வீடு திரும்பிய பிறகு அதே விவசாயியிடம் அதே மாதிரியான சோதனையை மறுபடி நடத்தினார்கள். இப்போது அவர் வேகமாகச் சொன்னார். தவறும் குறைந்தது. இடைப்பட்ட மாதங்களில் அவர் எதையும் புதிதாகப் படிக்கவில்லை. மருந்து மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை. மாறியது அவர் கையிருப்பு மட்டும்தான்.

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஆய்வு இது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவ் ஆகிய நால்வரும் 2013-இல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். எண் வரிசைகள் முழுவதற்கும் பதில் சொல்ல, அறுவடைக்கு முன் சராசரியாக 146 விநாடிகள் ஆயின. அறுவடைக்குப் பின் 131. படப் புதிர்களில் முன்பு சராசரியாக 4.35 சரியான விடைகள், பின்பு 5.45. அறுவடைக்கு முன் எதையாவது அடகு வைத்திருந்தவர்கள் 78 விழுக்காடு. அறுவடைக்குப் பின் 4 விழுக்காடு.

பருவம் மாறியதால், வெயில் மாறியதால் இப்படி இருக்குமோ என்று கேட்கலாம். இங்கேதான் கரும்பு கைகொடுத்தது. ஆலையால் எல்லா வயலையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. வெட்டு சில மாதங்களுக்குப் படிப்படியாகப் போகும். ஒரே ஊரில், ஒரே வாரத்தில், ஒருவர் வெட்டிப் பணம் வாங்கியிருப்பார், பக்கத்து வயல்காரர் காத்துக்கொண்டிருப்பார். தேதியைத் தீர்மானித்தது ஆலை. விவசாயியின் கெட்டிக்காரத்தனமோ சோம்பலோ இல்லை.

"பணத்தைச் சரியாகக் கையாளத் தெரியாததால்தான் கஷ்டப்படுகிறார்கள்" என்று வசதியானவர்கள் எத்தனை சுலபமாகச் சொல்லிவிடுகிறோம்! கஷ்டம் முதலில் வருகிறது, கணக்குத் தவறுவது அதற்குப் பிறகு நடக்கிறது என்பதை அந்த 54 கிராமங்கள் காட்டின.

ஆய்வாளர்கள் விவசாயிகளில் ஒரு பகுதியினரின் ரத்த அழுத்தத்தையும் நாடித்துடிப்பையும் அளந்தார்கள். காத்திருக்கும் காலத்தில் இரண்டும் கூடுதலாகத்தான் இருந்தன. ஆனால் உடலின் அந்தப் படபடப்பு மட்டுமே முழு வித்தியாசத்தையும் விளக்கவில்லை. பாக்கி, வட்டி, பள்ளிக் கட்டணம் என்று தலைக்குள் ஓயாமல் ஓடும் கணக்கு, மூளையின் கவனத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. பின்னர் அமெரிக்காவில், சம்பள நாளுக்குச் சற்று முன்னும் பின்னும் குறைந்த வருமானக்காரர்களைச் சோதித்தபோது இப்படிப்பட்ட வித்தியாசம் தெரியவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வரும் கரும்புப் பணத்துக்கும் மாதத்தில் இரண்டு முறை வரும் சம்பளத்துக்கும் உள்ள தூரம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. நீண்ட காத்திருப்பு வேறு, நாலு நாள் இழுபறி வேறு. மூளை விஷயத்தில் இந்த வேறுபாடுதான் முக்கியம்.

தலைக்குள் நடப்பது

பின்னால் வந்த பஸ் திடீரென்று ஹாரன் அடிக்கிறது. நாம் யோசிப்பதற்கு முன்பே கால் ஓரமாகப் பாய்கிறது. அட்ரினலின் செய்யும் வேலை அது, விநாடிகளில் நடந்துவிடும். அதன் பின்னாலேயே இன்னொரு ஏற்பாடு மெதுவாகக் கிளம்புகிறது. மூளையின் அடியில் இருக்கும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பிக்குத் தகவல் அனுப்ப, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை உசுப்ப, அங்கிருந்து கார்டிசால் ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. செரிமானம், உடலைச் செப்பனிடுதல் போன்ற அவசரமில்லாத வேலைகள் தள்ளிப்போடப்படுகின்றன.

கார்டிசால் கெட்டது என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் நம்மை எழுப்பி நடமாட வைப்பதில் அதற்குப் பங்குண்டு. விழித்த அரைமணி, முக்கால் மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், நள்ளிரவில் அடிமட்டத்துக்கு இறங்குவது அதன் இயல்பு. வீட்டு மேல்தொட்டி நிரம்பியதும் மிதவை தூக்கி மோட்டாரை நிறுத்துவதுபோல, கார்டிசால் போதுமான அளவு ஏறியதும் மூளையே அதை உணர்ந்து சுரப்பை நிறுத்தச் சொல்லும். அப்படி உணரும் இடங்களில் முக்கியமானது ஹிப்போகேம்பஸ், நம் நினைவுகளைப் பதிந்து கோக்கும் பகுதி. 1968-இல் நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன், எலியின் அட்ரீனல் ஹார்மோன் அதன் மூளையின் ஹிப்போகேம்பஸில் போய் ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடித்தார். சிறுநீரகத்துக்கு மேலே சுரப்பது நினைவின் அறைக்குள் நுழைகிறது என்பது அன்று பெரிய அதிர்ச்சி.

அதற்கு முன் 1936-இல், மான்ட்ரீலில் இருந்த ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவர், எலிகளுக்குக் குளிர், காயம், அளவுமீறிய உழைப்பு என்று எந்தத் தொந்தரவைக் கொடுத்தாலும் உடலுக்குள் விளைவு ஒரே மாதிரி இருப்பதைக் கவனித்திருந்தார். அட்ரீனல் வீங்கியது. தைமஸ் சுருங்கியது. வயிற்றில் புண் வந்தது. 'ஸ்ட்ரெஸ்' என்ற சொல் மருத்துவத்துக்குள் நிலைபெற்றது அவரால்தான்.

சிக்கல், அணையவே அணையாத மோட்டாரில் இருக்கிறது. நிறுத்தச் சொல்லும் ஹிப்போகேம்பஸே தொடர்ந்து கார்டிசாலில் ஊறினால் பலவீனப்படுகிறது. அது பலவீனப்பட்டால் நிறுத்தச் சொல்வதும் தடுமாறுகிறது. சுரப்பு இன்னும் நீள்கிறது. இப்படி உடலில் நாள்பட ஏறும் தேய்மானத்துக்குத் தனிப் பெயர் வைத்து, மெக்யூவன் 1993-இல் எழுதினார்.

■ பெட்டி: டென்ஷன் தொடும் மூன்று இடங்கள்

ஹிப்போகேம்பஸ்: காதுக்கு உள்பக்கமாக, இருபுறமும் உண்டு. புதிய நினைவு, இடம், வழி எல்லாம் இதன் பொறுப்பு. நாள்பட்ட அழுத்தத்தில் இதன் நரம்புக் கிளைகள் சுருங்குகின்றன. அடிக்கடி வரும் மறதிக்கு இதுவும் ஒரு காரணம்.

அமிக்டலா: ஹிப்போகேம்பஸுக்கு முன்னால், வாதுமைக் கொட்டை வடிவில் இருப்பது. ஆபத்தை முகர்வது இதன் வேலை. நாள்பட்ட அழுத்தத்தில் இதன் கிளைகள் தழைக்கின்றன. சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடுகிறது. குழந்தை தம்ளரைத் தட்டிவிட்டால்கூடக் கை ஓங்குகிறது.

நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணி: நிதானம், திட்டம், நாக்கை அடக்குதல். அழுத்தம் ஏறும்போது முதலில் தளர்வது இதுதான். தளர்ந்ததும் பழக்கம் பொறுப்பேற்கிறது: கை தானாக சிகரெட்டையோ போனையோ தேடும்.

பெங்களூருவின் இரண்டு மணி நேரம்

மூளையின் எல்லாப் பகுதிகளையும் அழுத்தம் ஒரேயடியாகத் தேய்த்துவிடும் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தார்கள். அப்படி இல்லை என்று காட்டியவர்களில் பெங்களூருக்காரர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள். தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்த்ரா சட்டர்ஜியின் குழு, நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் சங்கரநாராயண ராவோடு சேர்ந்து 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்றும் உலகெங்கும் எடுத்தாளப்படுகிறது.

எலியை அசையவிடாமல் நாளொன்றுக்கு 2 மணி நேரம் வைத்தார்கள். 10 நாள். அதற்குப் பிறகு மூளையைப் பார்த்தால், ஹிப்போகேம்பஸின் நரம்புக் கிளைகள் குட்டையாகியிருந்தன. அமிக்டலாவின் கிளைகளோ நீண்டு வளர்ந்திருந்தன. நினைவுக்கான இடம் இளைத்தது. பயத்துக்கான இடம் கொழுத்தது.

இதைவிட என்னை உலுக்கியது 2004-இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த தொடர்ச்சி. எலிகளுக்கு 21 நாள் முழு ஓய்வு கொடுத்தார்கள். ஹிப்போகேம்பஸ் மீண்டுவிட்டது. அமிக்டலா மீளவில்லை. எலிகளின் பதற்றமும் குறையவில்லை. 2005-இல் இன்னொன்றும் தெரியவந்தது: ஒரே ஒரு முறை, 2 மணி நேரம் மட்டும் அசையவிடாமல் வைத்தால் மறுநாள் எலியிடம் மாற்றம் இல்லை. 10 நாள் கழித்துப் பார்த்தால் அமிக்டலாவில் புதிய நரம்பு முள்முனைகள் முளைத்து, பதற்றம் கூடியிருந்தது.

எலி வேறு, மனிதர் வேறு. ஆனாலும் விபத்தோ அவமானமோ நடந்த அன்று தைரியமாக நின்றவர், இரண்டு வாரம் கழித்துத் தூக்கத்தில் அலறுவதை நாம் பார்த்திருக்கிறோம். "அன்னைக்கு நல்லாத்தானே இருந்தான், இப்ப என்ன நடிப்பு?" என்று கேட்டிருக்கிறோம். அந்தக் கேள்வியை இனியாவது நிறுத்த வேண்டும்.

படித்தது எங்கே போனது?

மார்ச் மாதம் வந்தால் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கான வீடுகளில் குரல் தாழ்ந்துவிடும். கேபிள் இணைப்பு துண்டிக்கப்படும். பிளஸ் டூ பிள்ளை பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் தலை வெறுமையாகிவிட்டது என்று சொல்லி அழும். வெளியே வந்து பத்து நிமிடத்தில் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். "சரியா படிக்கல, அதான்" என்று தீர்ப்பும் வரும்.

2000-ஆம் ஆண்டில் டொமினிக் டி குவர்வேன் குழுவினர் செய்த சோதனையை அந்தப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். சொற்பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்லி, மறுநாள் நினைவுகூரச் சொன்னார்கள். நினைவுகூர்வதற்கு ஒரு மணி நேரம் முன்பு, உடலுக்குள் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரை கொடுத்தபோது, சொற்கள் குறைவாகவே வந்தன. அதே மாத்திரையை மனப்பாடம் செய்வதற்கு முன்போ, செய்த உடனேயோ கொடுத்தபோது இந்தக் கெடுதல் இல்லை. படித்தது உள்ளே பத்திரமாக இருக்கிறது. எடுக்கும் வழிதான் அந்த நேரத்துக்கு அடைபடுகிறது.

பெரிய பரீட்சைக்கு வாரக்கணக்கில் தயாராகும் மருத்துவ மாணவர்கள் 20 பேரை நியூயார்க்கில் கானர் லிஸ்டன், மெக்யூவன், பி.ஜே. கேசி ஆகியோர் ஆராய்ந்து 2009-இல் எழுதினார்கள். அதிக அழுத்தத்தை உணர்ந்தவர்களுக்கு ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குக் கவனத்தை மாற்றுவது கடினமாக இருந்தது. மூளை ஸ்கேனில் முன்மூளைப் புறணியின் இணைப்பும் தளர்ந்திருந்தது. பரீட்சை முடிந்து ஒரு மாதம் அழுத்தம் குறைந்திருந்த பிறகு ஸ்கேன் எடுத்தால், மற்றவர்களோடு அவர்களுக்கு வித்தியாசமே இல்லை.

இளம் மூளை ஒரே மாதத்தில் மீண்டுவிட்டது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் அந்த ஒரு மாதத்தை நாம் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோமா? பிளஸ் டூ முடிந்த மறுவாரமே நீட் கோச்சிங். அது முடிந்தால் ரிசல்ட். அப்புறம் கவுன்சலிங். பலருக்கு மறுபடியும் ஓராண்டு 'ரிப்பீட்டர்' வகுப்பு. மீளக்கூடிய மூளைக்கு மீள இடமே கொடுக்காமல் ஓட்டுவது பெரியவர்களின் தவறு. இதில் பள்ளி, பெற்றோர், கோச்சிங் நடத்துபவர் என யாரும் விலக்கில்லை.

மூளைக்கு வெளியேயும் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோவில் பல் மருத்துவ மாணவர்களின் அண்ணத்தில் மிகச்சிறிய காயத்தை, கோடை விடுமுறையில் ஒரு முறையும் பரீட்சைக்கு மூன்று நாள் முன்பு ஒரு முறையும் உண்டாக்கிப் பார்த்தார்கள். ஒரே ஆள், ஒரே அளவுக் காயம். பரீட்சை நேரத்தில் ஆற 40 விழுக்காடு கூடுதல் நாள் பிடித்தது. அதற்கு முன் 1995-இல் அதே ஒஹாயோவில், மறதி நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கைப் புண் ஆறுவதைக் கவனித்திருந்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குச் சராசரியாக 9 நாள் அதிகமானது. படுக்கையில் கிடக்கும் மாமியாரை, மாமனாரை, கணவரை ஆண்டுக்கணக்கில் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். "அவ தாங்குவா" என்று சொல்லிவிட்டு நகர்கிறோம். அவள் தாங்குவதன் விலை அவள் தோலில்கூடத் தெரிகிறது.

கடன் அதேதான், கவலை பாதி

இந்தக் கட்டுரைக்காகத் தேடியதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு கொல்கத்தாவில் நடந்தது. சிறுகடன் வாங்கிய பெண்களை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வாரத் தவணை. இன்னொன்றுக்கு மாதத் தவணை. எரிகா ஃபீல்ட், ரோஹிணி பாண்டே உள்ளிட்டோர் 2012-இல் வெளியிட்ட முடிவு: கடனைக் கட்டுவது பற்றிக் கவலையாக, பதற்றமாக இருப்பதாகச் சொன்னவர்கள் மாதத் தவணைக்காரர்களில் 51 விழுக்காடு குறைவு. கடனை நினைத்துக்கொண்டிருக்கும் நேரமும் அவர்களுக்குக் குறைவு.

யாருக்கும் தியான வகுப்பு எடுக்கவில்லை. கவுன்சலிங் கொடுக்கவில்லை. வசூல் தேதியை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

நம் ஊர்க் குழுக் கடனை நினைத்துப் பாருங்கள். வாரா வாரம் குறித்த கிழமையில், குறித்த வீட்டு வாசலில் கூட்டம். ஒருத்திக்குக் குறைந்தால் மற்றவர்கள் போட வேண்டும். அதனால் கடன்காரரின் முகம் பக்கத்து வீட்டுக்காரியின் முகமாகவே மாறிவிடுகிறது. ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் கடன். திங்கள் ஒருவர், புதன் ஒருவர், வெள்ளி ஒருவர். மோட்டார் அணைய ஒரு நாள்கூட மிச்சமில்லை. கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்தது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்கும் சட்டமுன்வடிவைச் சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றியது. வாசலில் நின்று கத்துவதைக் குற்றமாக்குவது அவசியம்தான். அதோடு தவணையின் இடைவெளியையும் பேச வேண்டும். கத்தாமல் வாரா வாரம் வந்து நிற்பதும் மூளையைத் தின்னும்.

வேலையிடத்திலும் இதே கதைதான். லண்டன் அரசு ஊழியர்கள் சுமார் 18,000 ஆண்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்த 'வைட்ஹால்' ஆய்வில், கடைநிலை ஊழியர்கள் இதயநோயால் இறக்கும் விகிதம் உயரதிகாரிகளைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு. புகைப்பழக்கம், ரத்தக்கொதிப்பு, கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985-இல் தொடங்கிய இரண்டாவது 'வைட்ஹால்' ஆய்வு இன்னொரு காரணத்தைக் காட்டியது: தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் ஊழியருக்குச் சொல் இருக்கிறதா இல்லையா என்பது. உயரதிகாரிக்குத்தான் டென்ஷன் அதிகம் என்ற நம் பொதுநம்பிக்கை இங்கே அடிபட்டுப் போகிறது.

பிடி நம் கையில் இருக்கிறதா, அடுத்து என்ன வரும் என்று தெரிகிறதா என்ற இரண்டும் எவ்வளவு முக்கியம் என்பதை ஜே வைஸ் 1970-களின் தொடக்கத்தில் எலிகளிடம் கண்டிருந்தார். இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின் அதிர்ச்சி. ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே ஒலி எழுப்பி எச்சரிக்கை. எச்சரிக்கப்பட்ட எலிக்கு வயிற்றுப் புண் மிகக் குறைவு. நாளைக்கு எந்த ஷிப்டு என்பதை ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் ஊழியருக்கு எச்சரிக்கை ஒலி ஏது?

தமிழ்நாட்டில் 2021-இல் கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம் என்று சட்டத் திருத்தம் வந்தது. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைத் திருத்தம் நிறைவேறி, தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே நாளில் திரும்பப் பெறப்பட்டது. இரண்டையும் தொழிலாளர் சட்டச் செய்தியாகப் படித்துவிட்டுப் போனோம். மனநலச் செய்தியாகவும் அவற்றைப் படித்திருக்க வேண்டும்.

சென்னையின் துண்டு துண்டான இரவு

சென்னையில் குறைந்த வருமானக்காரர்கள் 452 பேரின் தூக்கத்தைக் கைக்கடிகாரம் போன்ற கருவியால் அளந்த ஆய்வு 2021-இல் வெளியானது. படுக்கையில் இருந்த நேரம் சுமார் 8 மணி. உண்மையில் தூங்கியது ஐந்தரை மணி. கொசு, புழுக்கம், தெருச்சத்தம், ஒரே அறையில் பலர் என்று இரவு முழுக்க விழித்து விழித்துத் தூங்கும் தூக்கம்.

இவர்களுக்குக் கண்மறைப்பு, காதடைப்பான், மெத்தை, ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்துப் பார்த்தார்கள். இரவுத் தூக்கம் சராசரியாக 27 நிமிடம் கூடியது. ஆனால் வேலைத்திறனிலோ மனநிலையிலோ எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை! கிழிந்த இரவில் அரைமணி சேர்ப்பதால் மட்டும் இரவு ஒட்டிவிடாது போலும். அதே ஆய்வில் சிலருக்கு வேலையிடத்திலேயே, அமைதியான இடத்தில், மதியம் அரைமணி தூங்க வாய்ப்பு தந்தார்கள். அவர்களுடைய வேலையும் கவனமும் மனநிலையும் மேம்பட்டன.

மதியச் சாப்பாட்டுக்குப் பின் திண்ணையில் துண்டை விரித்துக் கொஞ்சம் கண்ணயர்வது நம் ஊர் வழக்கம். அதைச் சோம்பேறித்தனமாக்கியது யார் என்று தெரியவில்லை. தையல் ஆலையிலும், கிடங்கிலும், துணிக்கடையிலும் அந்த அரைமணியைக் கொடுத்துப் பார்க்க முதலாளிகளுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. ஆய்வு நடந்தது நம் சென்னையிலேயே.

■ பெட்டி: எண்களில்

10.6 விழுக்காடு: 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில், ஏதோவொரு மனநலக் கோளாறோடு இருந்த வயதுவந்தோர். கணக்கெடுப்பு நடந்த 12 மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

70 முதல் 92 விழுக்காடு வரை: அதே கணக்கெடுப்பில், கோளாறின் வகையைப் பொறுத்து, சிகிச்சை எட்டாதவர்கள்.

2 விழுக்காடு: முதியவர்களை ஓராண்டு, வாரம் மூன்று நாள் நடக்கவைத்த 2011 ஆய்வில் ஹிப்போகேம்பஸ் வளர்ந்த அளவு. நடக்காமல் உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது வழக்கம்போல் தேய்ந்தது.

மூச்சை இழுத்து விட்டால் போதுமா?

'எட்டு வாரத் தியானத்தில் மூளை வளர்ந்தது' என்ற செய்தி 2011 முதல் உலகெங்கும் சுற்றுகிறது. அந்த ஆய்வில் தியானம் செய்தவர்கள் 16 பேர். 2022-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் 200-க்கும் மேற்பட்டவர்களை முறையாகப் பிரித்து, அதே எட்டு வாரப் பயிற்சி கொடுத்து ஸ்கேன் எடுத்தார்கள். மூளையின் அமைப்பில் மாற்றம் எதுவும் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டுத் தியானத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. மெதுவாக, நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் விட்டால் நாடி நிதானப்படுவது நிஜம். பலருக்கு அதில் மன ஆறுதல் கிடைப்பதும் நிஜம். நடை இன்னும் உறுதியான மருந்து, காசும் செலவில்லை. மனம்விட்டுப் பேச ஓர் ஆள் இருப்பதும் பெரிய பலம். இவற்றை எல்லோரும் செய்யலாம், செய்ய வேண்டும்.

ஆனால் இரவு பதினொரு மணி வரை மீட்டிங் வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை மாலை யோகா வகுப்புக்கு வரச்சொல்லும் நிறுவனத்தின் மீது எனக்குக் கோபம் வருகிறது. எடையை ஏற்றியவர் இறக்க மறுத்துவிட்டு, சுமப்பவருக்கு முதுகை நிமிர்த்தக் கற்றுக்கொடுப்பது நியாயமாகாது. கரும்பு விவசாயியை மீட்டது ஆலைப் பணம். கொல்கத்தாப் பெண்களின் கவலையைக் குறைத்தது தவணைத் தேதி. சென்னைத் தொழிலாளிக்குத் தெளிவு தந்தது மதிய அரைமணி. மூன்றையும் முடிவு செய்யும் அதிகாரம் கஷ்டப்படுபவரின் கையில் இல்லை. வேறொருவர் மேசையில் இருக்கிறது.

சுமை இறங்கிய பிறகும்

கடன் அடைந்துவிட்டது. ஆனாலும் போன் அடித்தால் நெஞ்சு திக்கென்கிறது. வாசலில் வண்டி நின்றால் கை நடுங்குகிறது. பெங்களூரு எலிகளின் அமிக்டலாவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. நினைவு முதலில் மீளும். பயம் பின்தங்கி வரும். "எல்லாம்தான் சரியாயிடுச்சே, இன்னும் ஏன்?" என்று வீட்டார் கேட்பது அந்த நேரத்தில் கூடுதல் சுமை. பழைய உறக்கமும் பசியும் திரும்பும்வரை அவரிடம் அவசரமான முடிவு எதையும் கேட்காமல் இருப்பது, குடும்பம் செய்யக்கூடிய பெரிய உதவி.

நம் மக்கள் பெரும்பாலும் மனக்கஷ்டம் என்று சொல்லி மருத்துவரிடம் போவதில்லை. நெஞ்சு படபடப்பு, மண்டை பாரம், வயிற்று எரிச்சல், கை கால் குடைச்சல் என்று போகிறார்கள். ஈசிஜி நார்மல். எண்டோஸ்கோபி நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்ற பதிலோடு திரும்புகிறார்கள். ஒன்றும் இல்லாமல் இல்லை. அந்தப் படபடப்பு கற்பனையும் இல்லை. அதற்குப் பார்க்க வேண்டிய மருத்துவர் வேறு.

■ பெட்டி: எப்போது உதவி தேட வேண்டும்?

இரண்டு வாரத்துக்கு மேல், பெரும்பாலான நாள்களில் மனம் சோர்ந்தே இருந்தால். பிடித்த விஷயத்திலும் நாட்டம் போய்விட்டால். தூக்கமோ பசியோ தலைகீழாக மாறினால். வேலைக்கோ சமையலறைக்கோ போக உடல் எழ மறுத்தால். இவை வெறும் டென்ஷனைத் தாண்டிய மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது.

வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104. இரண்டிலும் 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே சட்டம் கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்றும் அதே பிரிவு சொல்கிறது. போலீஸுக்குப் பயந்து யாரும் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டியதில்லை.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறித்த நாளில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள். மருந்து இலவசம். எந்த ஊரில் எந்தக் கிழமை என்பதை உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். முதல் முறை போகும்போது தனியாகப் போக வேண்டாம். கூட ஒருவர் வரட்டும். காத்திருக்கும் நேரத்தில் எழுந்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று தோன்றுவது பலருக்கும் நடப்பதுதான்.